கொடுக்கத் தகுந்த உடம்பைக் கேட்டேன்

“நீங்க யாரும்மா? எங்க வீட்டுக்காரி எங்கன போனா?”

என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. காலை பத்து மணி இருக்கும். அவருக்கு ஆற்றிய கஞ்சியோடு கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இருபத்து மூன்று வருடம் என்னோடு வாழ்ந்தவர், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு என்னிடம் கேட்டார்.

“மச்சான், நான்தான் மைமூன். தெரியலையா?”

“அவளத்தான் கேக்கேன். அவளக் கூப்பிடுங்க. பசிக்குது.”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். முந்தானையை வாயில் வைத்து அழுதேன். முகம் கழுவிக்கொண்டு, புதிதாக வருகிறவள் போல மறுபடியும் போனேன். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

சகோதரிகளே, நம்முடைய வியாழக்கிழமை மஜ்லிஸ் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பாதியில் அழுதுவிட்டேன். எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். எனக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் தவறுகளும் இதில் இருக்கின்றன.

என் கணவர் காதர் மைதீன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர். காலண்டர் சீசனில் பதினாறு மணி நேரம்கூட நிற்பார். பீடி இல்லை, பாக்கு இல்லை. மதுவை வாழ்நாளில் தொட்டதில்லை. சர்க்கரை மட்டும் பதினைந்து வருடமாக இருந்தது. மாத்திரையைப் பாதி நாள் போடுவார், பாதி நாள் மறந்துவிடுவார். நானும் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வருட ரமலானில் அவருக்கு ஆரம்பித்தது. நோன்பு திறந்த பிறகும் களைப்புத் தீரவில்லை. பெருநாளுக்குப் போட எடுத்த செருப்பு காலில் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். வேலை அதிகம் என்று சொல்லித் தள்ளிப்போட்டோம். ஆடி மாதம், காலண்டர் ஆர்டர்கள் வரத் தொடங்கிய நேரம், மெஷின் பக்கத்திலேயே ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார். கூட வேலை பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. அதனால்தான் வயிற்றிலும் காலிலும் நீர். உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து வெடித்ததால் ரத்த வாந்தி.

“டாக்டர், அவுக குடிக்கவே மாட்டாகளே” என்றேன். அது ஒன்றுதான் என் வாயில் வந்தது.

“குடிச்சாத்தான் வரும்னு இல்லம்மா. கட்டுப்படாத சர்க்கரை, ஈரல்ல படியிற கொழுப்பு, இதுலயும் வரும். சத்தம் இல்லாம வருசக்கணக்கா கெட்டுப்போகும். வெளிய தெரியும்போது பாதிக்கு மேல போயிருக்கும்.”

சில நாளில் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஊருக்கு யார் புரியவைப்பது? எங்கள் தெருவில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். “பாய் ரகசியமா அடிச்சிருப்பாரு போல.” அன்றிலிருந்து நான் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. கேட்டவர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொன்னேன். அவருடைய தம்பிகளிடமும் அப்படித்தான் சொன்னேன். பின்கட்டு அறையில் அவரைப் படுக்கவைத்து ஜன்னலைச் சாத்தி வைத்தேன். என் கணவரின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். டாக்டர் ஒரு இனிப்பு சிரப் கொடுத்திருந்தார். அதைக் குடித்தால் அவர் நாளுக்கு மூன்று நான்கு தடவை கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவார். எலும்பும் தோலுமாக இருக்கிற மனிதரை இது இன்னும் வதைக்கிறதே என்று இரக்கப்பட்டு, நானாகவே அந்தச் சிரப்பை நிறுத்தினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் அவர் மாறிப்போனார். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். என்றோ இறந்துபோன தன் அம்மா வாசலில் நிற்பதாகச் சொன்னார். கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த மனிதர் ஒருநாளும் என்னை அதட்டியதில்லை. இவர் தட்டைத் தட்டிவிட்டார். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, மந்திரிப்பதற்கும் இரண்டு நாள் அலைந்தேன். அதற்குப் பிறகு வந்த காலையில்தான் “நீங்க யாரும்மா?” என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் கூப்பிட்டாலும் கண் திறக்காத நிலைக்குப் போனார்.

மறுபடியும் மதுரைக்குக் கொண்டுபோனேன். வார்டில் அவர் மூக்கில் குழாயோடு கிடந்தார். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்து, பாதி இட்லியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

“சாப்பிட்டீகளா பாயம்மா? காலையில இருந்து பாக்கேன், தண்ணி கூடக் குடிக்கல நீங்க.”

அவள் பெயர் பொன்னுத்தாய். நாரணாபுரத்துக்காரி, பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் கணவர் பக்கத்து வார்டில் இருந்தார். அவருக்கும் கல்லீரல்தான். குடியால் வந்தது. அதை அவள் ஒளிக்கவே இல்லை. “குடிச்சாரு. இப்ப விட்டு ஒரு வருசமாச்சு. தானமா வர்ற ஈரலுக்குப் பேரு எழுதி வச்சிருக்கோம்” என்றாள்.

இப்போது என் மனதில் வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘என் கணவர் உன் கணவரைப் போல இல்லை’ என்று நினைத்தேன். இட்லியை வாங்காமல், “எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டாள். “உங்க வீட்டுக்காரருக்கு ஆளு தெரியலையோ? உங்கள யாருன்னு கேட்டாகளா?”

திடுக்கிட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க ஆளு என்னையப் போலீசுன்னாரு. சிரப்பு குடுத்தீகளா ஒழுங்கா?”

நான் நிறுத்தியதைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து, நர்ஸிடம் அழைத்துப்போய், “இவுகளுக்கு எனக்குச் சொன்ன மாதிரி சொல்லுங்க சிஸ்டர்” என்றாள்.

அந்த நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். குடலில் உண்டாகும் நச்சை நல்ல கல்லீரல் சுத்தம் செய்துவிடும். கெட்ட கல்லீரலால் முடியாது. அது ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். அதனால்தான் குழப்பம், கோபம், ஆள் தெரியாமை. அந்தச் சிரப் நச்சை வெளியே தள்ளுவதற்காகத்தான் கொடுக்கிறார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை போவது வியாதி இல்லை, அதுதான் மருந்து வேலை செய்கிற அடையாளம். போகாத நாள்தான் பயப்பட வேண்டிய நாள்.

யா அல்லாஹ்! என் கணவரை யாரும் எதுவும் செய்யவில்லை. நான்தான் மருந்தை நிறுத்தியிருந்தேன்.

மாடிப்படித் திருப்பத்தில் துணியை விரித்துத் தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ‘அவர் பிழைப்பதும் பிழைக்காததும் உன் கையில் இருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் என்னை மைமூன் என்று கூப்பிட வேண்டும். என் மேல் கோபப்பட்டாவது கூப்பிட வேண்டும்.’ அந்த மூன்று எழுத்துக்கு நான் ஏங்கியது போல வாழ்க்கையில் வேறு எதற்கும் ஏங்கியதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உள்ளே போனேன். கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வறண்டிருந்தது.

“மைமூன்... மெஷினுக்கு மை ஊத்திட்டாகளா?”

வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். பொன்னுத்தாய் வாசலில் நின்று சிரித்தாள். அன்றைக்கு அவளுடைய இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் அது தற்காலிகம்தான். இனி மருந்து மட்டும் தாங்காது, ஈரல் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தானம் வரும் வரிசை நீளமானது. குடும்பத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் சீக்கிரம் செய்யலாம். கொடுத்தவருக்கு மிச்சமிருக்கும் பகுதி சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்றார்.

எங்களுக்கு ஒரே மகள், ரிஸ்வானா. திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்திருந்தோம். “அத்தாவுக்கு நான் குடுக்குறேம்மா” என்று போனில் துடித்தாள். நான்கு மாதக் கர்ப்பிணி. அவளிடமிருந்து எடுக்க முடியாது. அவருடைய தம்பிகளிடம் அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸில் வந்து நின்றார்கள். அவர்களிடம் இத்தனை நாள் பொய் சொன்னதை நினைத்துக் கூசிப்போனேன். ஒருவருக்கு அதே சர்க்கரை. இன்னொருவருக்கு ரத்த வகை சேரவில்லை.

எனக்குச் சேர்ந்தது. எல்லாப் பரிசோதனைக்கும் ஓடினேன். நான்காம் நாள் டாக்டர் உட்காரச் சொன்னார்.

“உங்க ஈரல்லயும் கொழுப்பு நிறைய இருக்கும்மா. இப்ப எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் பயன்படாது. எடையக் குறைச்சு, நடந்து, மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்.”

“மூணு மாசம் அவுக தாங்குவாகளா?”

அவர் சீட்டில் மருந்துகளை எழுதித் தந்தார். “தொற்று வராமப் பாத்துக்கங்க. சிரப்ப நிறுத்தாதீங்க. உப்பு சேர்க்காதீங்க. பாப்போம்” என்றார்.

அன்று மறுபடியும் அதே மாடிப்படித் திருப்பம். அதுவரை ‘அவருக்கு ஓர் ஈரலைக் கொடு’ என்றுதான் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ, யாரிடமிருந்தோ வர வேண்டும் என்று கேட்டேன். அன்று வேறு மாதிரி கேட்டேன். ‘யா ரப்பே, என்னைக் கொடுக்கத் தகுந்தவளாக ஆக்கு. இந்த உடம்பைச் சுத்தமாக்கிக் கொடு. அதுவரை அவரைப் பிடித்து வை.’ கேட்டு முடித்து எழுந்தபோது இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. நடக்க வேண்டும்.

ஊர் திரும்பி, மார்க்கப்படி இது கூடுமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் என் கணவரின் தம்பி மூலம் கேட்டேன். அவரே வீட்டுக்கு வந்தார். “ஒரு உசிரக் காப்பாத்தக் குடுக்குறதுக்கு மார்க்கம் படிச்ச ஆலிம்கள் இடம் குடுத்திருக்காகம்மா. உங்க உசுருக்கு ஆபத்து இருக்கக் கூடாது. அம்புட்டுதான். டாக்டர் சொல்றதக் கேளுங்க, நாங்க துஆச் செய்றோம்” என்றார். வெள்ளிக்கிழமை ஜமாஅத்தே எங்களுக்காகக் கையேந்தியது. நான் எதை ஒளித்தேனோ அது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு உப்பில்லாக் கஞ்சி செய்து கொண்டுவந்தார்கள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த நேரம். பொன்னுத்தாய் தினமும் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு என் வாசலுக்கு வருவாள். “வாங்க பாயம்மா, ஒண்ணா நடப்போம்.” அவள் கணவரும் வீட்டில்தான் இருந்தார். அவருக்குக் காலை மருந்தைக் கொடுத்துவிட்டு வருவாள். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு மணி நேரம் நடப்போம். புர்காவில் வேர்த்து ஊற்றும். முதல் வாரம் முட்டி வீங்கியது. அரிசியைக் குறைத்தேன். சீனியை விட்டேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம், பிரியாணி வாசம் தெருமுனை வரைக்கும் அடிக்கிறது. நான் வேகவைத்த பயறும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டேன். பட்டினி கிடக்கக் கூடாது, எடை மெதுவாகத்தான் இறங்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் நடக்க முடியவில்லை. அச்சக முதலாளி சேதி கேள்விப்பட்டு, பேப்பர் குடோன் சாவியைக் கொடுத்தனுப்பினார். மனைவியையும் கூட அனுப்பினார். அந்த அம்மா, “நானும் நடக்கேன். எனக்கும் சர்க்கரதான்” என்றார். காகித ரீம்கள் அடுக்கிய சந்துகளில் மூன்று பெண்கள் சுற்றிச் சுற்றி நடந்தோம். தகரக் கூரையில் மழை கொட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் நபிகள் மேல் ஸலவாத் ஓதுவேன். பொன்னுத்தாய் அவள் மாரியம்மாளைக் கூப்பிடுவாள்.

வீட்டில் அவர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை வயிற்று நீரை எடுக்க மதுரைக்குப் போய்வந்தோம். தெளிவாக இருந்த ஒரு மத்தியானம் என்னை உட்காரச் சொன்னார்.

“வேணாம் மைமூன். ஒன் வயித்தக் கிழிச்சு எனக்கு ஒரு உசிரு வேணாம். ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ரிஸ்வானாவுக்கு யாரு இருக்கா?”

“மச்சான், நீங்க என்னைய யாருன்னு கேட்டீகள்ல, அன்னைக்கே நான் பாதி செத்துட்டேன். நீங்க நினைப்போட எம்பக்கத்துல இருக்கணும். எனக்காகத்தான் குடுக்கேன். உங்களுக்காக இல்ல.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அதன் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் பொன்னுத்தாயின் கணவர் இறந்துபோனார். வரிசையில் அவர் பெயர் மேலே வருவதற்குள் தொற்று வந்து நான்கு நாளில் முடிந்துவிட்டது. நாரணாபுரத்துக்குப் போனேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். ‘உன் கணவரைப் போல இல்லை’ என்று நினைத்தேனே, அந்த நினைப்பு நெஞ்சைக் குத்தியது. அவளிடம் சொன்னேன். அன்றைக்கு அப்படி நினைத்தேன், என்னை மன்னித்துவிடு என்றேன்.

“தெரியும் மைமூனு” என்றாள். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். “ஊரே அப்படித்தான் நினைச்சுச்சு. நீ ஒருத்திதான் வாயத் தொறந்து சொல்லுத.”

இனி தனியாகத்தான் நடக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பதினேழாம் நாள் காலையில் கதவு தட்டும் சத்தம். வெறும் நெற்றியோடு பொன்னுத்தாய் நின்றாள்.

“வீட்டுல ஒக்காந்தா அவுக படுத்த கட்டிலத்தான் பாக்கேன். வா, நடப்போம். உம் புருசனாவது பொழைக்கட்டும்.”

அன்று குடோனில் வழக்கத்தைவிட அதிகம் சுற்றினோம். ஒன்றரை மணி நேரம் நடந்தோம்.

தை மாதம் மறுபடியும் ஸ்கேன். முடிவு வருவதற்கு இரண்டு நாள் ஆனது. டாக்டர் அறைக்குள் நான் குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதிக்கொண்டே நுழைந்தேன். படத்தைப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்னம்மா செஞ்சீங்க?”

“நடந்தேன் டாக்டர்.”

“கொடுக்கலாம்” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கும். உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கும் குழு முன்னால் நின்று என் சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். அரசு காப்பீடும், முதலாளியும், ஜமாஅத்தும் செலவைத் தாங்கினார்கள். அவர்கள் எல்லோருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

ஆபரேஷன் அன்று காலை இருவரையும் அடுத்தடுத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண் விழித்தபோது வயிற்றில் நெருப்பு வைத்தது போல வலி. “அவுக?” என்று கேட்டேன். “நல்லா இருக்காங்க” என்றார்கள். நான் நம்பவில்லை. என்னைத் தேற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து நாள் அவரைப் பார்க்கவில்லை. என் உடம்பின் ஒரு பகுதி அவரிடம் இருக்கிறது, எனக்கோ அவர் முகம் கூடத் தெரியவில்லை. அந்த ஐந்து நாள் ஏக்கத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் சக்கர நாற்காலியில் கண்ணாடிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கண்ணில் மஞ்சள் இல்லை. இத்தனை மாதம் நடுங்கிக்கொண்டே இருந்த கை அசையாமல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நர்ஸ் அமுக்கிப் படுக்கவைத்தாள். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது.

பங்குனியில் எங்களுக்குப் பேரன் பிறந்தான். அவருக்குத் தொற்று ஆகாது என்பதால் முதல் இரண்டு மாதம் முகக்கவசத்தோடுதான் பார்த்தார். இப்போது மடியில் வைத்திருக்கிறார். மருந்து ஆயுளுக்கும் உண்டு. மணி தவறக்கூடாது. மெஷின் ஓட்டுவதில்லை. அச்சகத்தில் உட்கார்ந்து பிரூப் பார்க்கிறார். எனக்கு மழை நாளில் தழும்பு இழுக்கும். நான் இன்னும் நடக்கிறேன்.

ஒரு கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. என் துஆ கேட்கப்பட்டது. பொன்னுத்தாயும் என்னைப் போலத்தான் கும்பிட்டாள், என்னைவிடப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டாள். ஏன்? எனக்குத் தெரியாது. ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன். “எனக்கு இப்ப சாமிகிட்ட என்ன கேக்கணும்னே தெரியல மைமூனு. ஆனா அவுக கடைசி நாலு நாளும் என்னையத் தாயின்னு பேரு சொல்லி நினைப்போட கூப்பிட்டாக. அது எனக்குப் போதும்” என்றாள். அவளுக்காக ஐந்து வேளையும் கையேந்துகிறேன். என் துஆவுக்கு அல்லாஹ் அனுப்பிய முதல் பதில் அவள்தான். நான்தான் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் கூடுகிறோம். கல்லீரல் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வருகிறார்கள். எந்த மதத்தினரும் வரலாம். எப்படி வந்தது என்று யாரையும் கேட்க மாட்டோம். உப்பில்லாமல் வாய்க்கு ருசியாக எப்படிச் சமைப்பது, என்ன மாற்றம் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வலி மாத்திரையைக் கடையில் ஏன் வாங்கக்கூடாது, இதெல்லாம் பேசுவோம். சில நாள் அழ மட்டும் செய்வோம். போன மாதம் சாத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருக்கிறாளாம். பொன்னுத்தாய் அவளுக்குக் காப்பி கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இதைப் படிக்கிற சகோதரி, உங்கள் வீட்டிலும் ஒருவர் உங்களை யாரென்று கேட்கும் நாள் வந்திருக்கலாம். மனம் விட்டுவிடாதீர்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டு முடித்து எழுந்து டாக்டரிடமும் கேளுங்கள். வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடமும் கேளுங்கள். அவன் உதவி எந்த வாசல் வழியாக வரும் என்று நமக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்கள்தான் நாங்கள் உண்மையிலேயே தனியாக இருந்த நாட்கள்.